மேற்கு அறை நீங்கலாக

— அப்ப அந்த ஒரு வரிய வெட்டி உட்டுட்டு வீட்டு உறுதிப் பத்திரத்த எழுதுங்களே, பிறக்கிராசி ஐயா. என்னத்துக்கு இவ்வளவு யோசின?

— வெட்டேலாது, ஹாஜியார். அது நான் போட்ட வரி இல்லை. லங்டன் துரை வெள்ளவத்தையிலை அந்த மாளிகையைக் கட்டின காலத்திலையிருந்து வாற வரி. வீடு கை மாறின ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி எழுதியிருக்கினம். ஒரு சொல்கூட மாறேல்லை.

— என்ட மகள் ஷபீகாட கலியாணம் வருது. அந்த ஹோல்லதான் நிக்காஹ் என்டு சொந்தக்காரருக்கெல்லாம் செல்லிட்டேன். வாடகைக்கு இருந்து பாத்தாச்சு, வீடு புடிச்சிட்டு. விக்கிற கண்டி மனுசனும் ரெடி. நீங்க கோட்டுல பேசுற பிறக்கிராசி மட்டுமா, உறுதி எழுதுற நொத்தாரிசும்தானே. கையெழுத்து வெச்சி முத்திரையக் குத்தினா வேல முடிஞ்சி.

— முத்திரை குத்த முன்னம் பின்னாலை திரும்பிப் பாக்கவேணும். ஆர் ஆரிட்டை வாங்கினது, அவருக்கு முன்னம் ஆர், அவருக்கு உரித்து எப்பிடி வந்தது. சட்டப்படி பாத்தால் அதுதான் என்ரை தொழில். உங்களுக்காகக் காணிப் பதிவுக் கந்தோரிலை நான் குடிச்ச தூசி இன்னும் நெஞ்சுக்குள்ளை கிடக்கு.

— சரி, கோவிக்காதீங்க. அந்த வரியில என்னதான் ஈக்கிது? இங்கிலீசுல வேணாம். எனக்கு விளங்கிற மாதிரி செல்லுங்க.

— கேளுங்கோ. 'மேற்கு அறை நீங்கலாக' எண்டு துவங்குது. வீடும் வளவும் வாங்கிறவருக்கு. கடலைப் பாத்த அந்த மேல்மாடி அறை மட்டும் செசீலியா எண்ட பெண்ணுக்கு. அவ தன்ரை மனப்படி அதைவிட்டு வெளிக்கிடும்மட்டும் ஒருத்தரும் கதவைத் திறக்கச் சொல்லிக் கேக்கப்படாது. வெளிக்கிடேக்கை, தனக்குப் பிறகு ஆர் எண்டு அவவே பேர் சொல்லலாம். அப்பிடி வாறவளும் தன்ரை மனப்படிதான் வரவேணும்.

— அவ்வளவுதானா?

— இன்னும் ஒண்டு கிடக்கு. அந்தப் பேரைப் பதியேக்கை, பக்கத்திலை தகப்பன்ரை பேரும் எழுதப்படாது, புருசன்ரை பேரும் எழுதப்படாது.

— வெள்ளக்காரனுக்குப் பைத்தியமா?

— நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா எழுத்துச் சுத்தமா இருக்கு. நாங்கள் இப்பவும் பொம்பிளையளுக்குச் சீவிய உரித்து எழுதுறனாங்கள்தானே? அதிலை 'சாகும்மட்டும்' எண்டு போடுவம். ஆள் செத்தால் உரித்தும் முடிஞ்சுது. இதிலை சாவு எண்ட சொல்லே இல்லை, ஹாஜியார். 'வெளிக்கிடும்மட்டும்' எண்டுதான் கிடக்கு.

— அப்ப மவ்த்தானாலும்?

— சட்டப்படி பாத்தால், செத்தாலும் வெளிக்கிடாட்டி அறை அவவின்ரைதான்.

— அல்லாஹ்வே. இப்பிடியுமா எழுதுவாங்க?

— இப்ப நடக்கிறது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு. செசீலியா இருந்தால் நூறு வயசு எப்பவோ தாண்டியிருக்கும். அவவை விடுங்கோ. அவவுக்குப் பிறகு யொஹானா எண்டு ஒருத்தி. பிறகு லெற்றீசியா. பிறகு பிறிஜெற். இது நான் ஊகிக்கிற கதை இல்லை. வீட்டை வித்து ஒவ்வொரு உறுதியும் முடிஞ்ச கையோடை, அந்த அறைக்குப் புதுப்பேர் ஒண்டு பதிவாகியிருக்கு.

— வீடு விக்கக்குள்ள பொம்புளையும் மாறுறாளா?

— ஓம். அதுதான் என்ரை மனதை அரிக்குது. நீங்கள் ஒண்டும் ஒளிக்காமல் எனக்குச் சொல்லுங்கோ. அந்த அறையிலை இப்ப ஆர்?

— நான் கண்டதில்ல, ஐயா.

— நீங்கள் அங்கை குடியிருக்கிறியள்.

— குடியிருந்தாலும் கண்டதில்ல. சாவியத் தரக்குள்ள கண்டி மனுசன் சென்னார், 'மேல ஒரு வயசுபோன மிஸ்ஸி ஈக்கிறா, ஒத்தருக்கும் கரச்சல் இல்ல, பகல் சாப்பாட்ட மட்டும் வாசல்ல வெச்சிடுங்க' என்டு. சரி, வயசாளி, புண்ணியம் என்டு வெச்சம். என்ட பொஞ்சாதி லுத்பியாதான் சோத்தக் கோப்பையில போட்டு மூடிக் கொண்டு வெப்பா. பொறகு பாத்தா கோப்ப கழுவிக் கவுத்து வெச்சீக்கும்.

— சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லையோ?

— கதிர இழுபடும். சில நேரம் பாட்டு. பாட்டென்டா வார்த்த இல்ல, சும்மா மூக்கால பாடுற மாதிரி. அத உடுங்க. அந்த ரூமுக்கு மேல கூரையில ஒரு புகைக்கூண்டு ஈக்கிதே, கண்டீங்களா?

— கண்டனான். வெள்ளவத்தை வெக்கையிலை நெருப்பு மூட்டிக் குளிர்காய அடுப்புக் கட்டின மனுசன் அந்தத் துரை ஒருத்தன்தான்.

— அதால புக வருது.

— இப்பவுமோ?

— சித்திரை வெயில்லயும் வந்திச்சி. வீட்டுக்குள்ள நாங்க சட்டையக் கழட்டிப்போட்டு விசிறிட்டு ஈக்கிறம், மேல விறகு எரியுது. ஆரு விறகு ஏத்திக் குடுக்கிற? ஒத்தருமில்ல. ஒருநாள் அந்தக் கதவில கைய வெச்சிப் பாத்தேன். ஐஸ் மாதிரி குளுந்து கிடந்திச்சி, ஐயா. அண்டையிலேந்து நான் மேல போறதில்ல.

— இதையெல்லாம் முதலே எனக்குச் சொல்லியிருக்கவேணும்.

— சென்னா நீங்க சிரிப்பீங்க. படிச்ச மனுசன்.

— நான் சிரிக்கேல்லை. ஏனெண்டால், கடைசியாப் பதிஞ்ச பேர் பிறிஜெற். அவவைத் தேடி நான் கொட்டாஞ்சேனைக்குப் போனனான். போனமுறை அந்த வீட்டை வாங்கினது கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். அவையின்ரை பேரன்தான் இப்ப உங்களுக்கு விக்கிற கண்டி மனுசன். பிறிஜெற் ஆரெண்டு அவரைக் கேட்டால், 'தூரத்துச் சொந்தமாக்கும்' எண்டு கையை விரிக்கிறார். ஆனா பிறிஜெற்றின்ரை கூடப்பிறந்த தம்பி, கிளறன்ஸ் எண்ட கிழவர், இன்னும் கோயிலடியிலை இருக்கிறார்.

— அவர் என்ன செல்றார்?

— என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சவக்காலையிலை கல்லைக் காட்டினார். பிறிஜெற் எண்டு பேர் வெட்டின கல்லு. அப்ப செத்துத்தான் போனா, அலுவல் முடிஞ்சுது எண்டு எனக்கு நல்ல சந்தோசம். திரும்பி நடக்க வெளிக்கிட்டன். கிழவர் என்ரை கையைப் பிடிச்சு, 'தம்பி, பெட்டிக்குள்ளை அக்கா இல்லை' எண்டார்.

— யா அல்லாஹ்!

— 'எங்கடை அப்பா அவவின்ரை உடுப்புகளையும் கொண்டைக் கிளிப்பையும் வச்சு ஆணி அடிச்சுத் தாட்டவர். பாதருக்கும் தெரியாது' எண்டார். 'உயிரோடை இருக்கிறவளுக்கு நான் செத்தவீடு செய்தனான், எனக்கு அப்ப சின்ன வயசு' எண்டு அழுதார். தகப்பன் ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு கேட்டன். தகப்பன்ரை பேச்சே வேண்டாம் எண்டு கையெடுத்துக் கும்பிட்டிட்டார். அதுக்கு மேலை நான் என்னத்தைக் கேக்கிறது?

— அப்ப மேல ஈக்கிறது அந்தப் பிறிஜெற் நோனாதான்?

— உயிரோடை இருந்தால் வயசு எழுபதுக்கு மேலை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இப்ப அவவைப் பற்றிக் கவலை இல்லை, ஹாஜியார். உங்கடை மகளைப் பற்றித்தான் கவலை.

— என்ட மகளா? ஏன்?

— யோசிச்சுப் பாருங்கோ. வீடு கை மாறுது. புதுசா ஒரு குடும்பம் வருது. உடனை அந்த அறைக்குப் புதுசா ஒரு பெட்டையின்ரை பேர் வருது. அந்தப் பெட்டை எங்கையிருந்து வந்திருப்பாள்? வாங்கின வீட்டுப் பிள்ளையாத்தானே இருக்கவேணும்? வேறை ஆர் அந்த மேல்மாடிக்குப் போவினம்?

— ஐயா...

— என்ன, சொல்லுங்கோ.

— ஷபீகா அந்தக் கதவடியிலதான் ஈக்கிறா. பின்னல் வேலைய எடுத்துட்டு மேல பெய்த்து, கதவுல சாஞ்சி ஈக்கிறா. உம்மா ஏசினா, 'மிஸ்ஸி கத செல்றாங்க' என்கிறா. நான் சின்னப்புள்ள வெளையாட்டு என்டு உட்டுட்டேன். உங்கட மகள் வந்து இங்கிலீஸ் செல்லிக் குடுக்கிற நாள்லதான் அவள் கொஞ்சம் கீழ எறங்கி ஈக்கிற.

— கனகேசு ஒண்டும் எனக்குச் சொல்லேல்லையே.

— அந்தப் புள்ள தங்கம், ஐயா. வாயத் தொறக்காது.

— இண்டைக்கே ஷபீகாவைக் கொம்பனித்தெருவிலை உங்கடை தங்கச்சி வீட்டை அனுப்புங்கோ. உறுதி முடிஞ்சு, நிக்காஹ்வும் முடிஞ்சு, மாப்பிள்ளை வீட்டை போகும்மட்டும் அந்தப் படியிலை அவளின்ரை கால் படப்படாது.

— இப்பவே போறேன். ஆனா உறுதி?

— எழுதுறன். அந்த வரியோடைதான் எழுதுவன். அதை விட்டால் நாளைக்கு ஆரும் வந்து உறுதி பிழை எண்டு கோட்டுக்குப் போவினம். வரி கிடக்கட்டும். உள்ளை போக ஆளில்லாட்டி வெறும் எழுத்து என்ன செய்யும்?

*

— எங்கை விட்டனான், பிள்ளை?

— 'வடக்கே பொது ஒழுங்கையும், மேற்கே றெயில்பாதைக்கென அரசாங்கம் எடுத்த காணியும்' எண்டதிலை, அப்பா.

— ஓம். கனகேசு, விளக்கைக் கிட்ட இழு. கண்ணைக் கெடுக்காதை. உன்ரை கையெழுத்து இல்லாட்டி நான் இந்த வயசிலை என்ன செய்வனோ தெரியாது. கந்தோர்ப் பெடியள் எழுதுறது கோழி கிண்டின மாதிரி.

— நான் மலாயாவுக்குப் போன பிறகு ஆர் எழுதுறது?

— அதுக்கு ஆரையும் பிடிப்பன். நீ அதை யோசிக்காதை. மாப்பிள்ளை பகுதி ஓமெண்டு எழுதிப்போட்டினம். றெயில்வேயிலை பெரிய உத்தியோகம். முதல் தாரத்துப் பிள்ளையள் ரெண்டும் யாழ்ப்பாணத்திலை பேத்தியாரோடை நிக்குதுகள், உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

— எனக்கு அவரைத் தெரியாது, அப்பா.

— உன்ரை அம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சே இருந்தது? உதெல்லாம் போகப்போகத் தெரியும். சீதன உறுதியையும் இதோடை எழுதி முடிக்கிறன். இந்த வீடும் நல்லூர்க் காணியும் உன்ரை பேரிலைதானே எழுதுறன்.

— என்ரை பேரிலை எழுதுறதை நான் விக்கிறதெண்டால்?

— புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கவேணும். அது எங்கடை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம். உனக்குத் தெரியாததே?

— தெரியும். அப்ப என்ரை பேர் அதிலை என்னத்துக்கு?

— பிள்ளை, உப்பிடி எதிர்க்கேள்வி கேக்கப் பழகாதை. எழுது. 'மேற்கு அறை நீங்கலாக...' என்ன, எழுதிப்போட்டியோ?

— ஓம்.

— முழுக்கவோ? நான் இன்னும் வாயே திறக்கேல்லை.

— அந்த வரி எனக்குப் பாடம், அப்பா.

— நீ எப்ப வாசிச்சனீ? பழைய உறுதியளை நான் கந்தோர்ப் பெட்டியிலை பூட்டியெல்லோ வச்சிருக்கிறன்.

— நீங்கள்தான் சொல்லியிருப்பியள். சாப்பிடேக்கை.

— நான் வீட்டிலை இந்தக் கதையே எடுக்கிறேல்லை. அம்மா பயந்துபோவா எண்டு.

— அப்ப ஷபீகா சொன்னவளாக்கும்.

— அவளுக்கு இங்கிலீசிலை பூனைக்கும் யானைக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது, உறுதி வாசிப்பாளோ? கனகேசு, இஞ்சை என்ரை முகத்தைப் பார். அந்த வீட்டு மேல்மாடிக்கு நீ போனனீயோ?

— ஷபீகாவைக் கீழை கூட்டிவரப் போனனான். நீங்கள்தானே படிப்பிக்கச் சொல்லி அனுப்பினனீங்கள்?

— இனிப் போகவேண்டாம். அவளைக் கொம்பனித்தெருவுக்கு அனுப்பியாச்சு. அந்த அலுவல் முடிஞ்சுது.

— ம்.

— ம் எண்டால்?

— சரி எண்டு சொன்னனான். அப்பா, லங்டன் துரை ஏன் அப்பிடி எழுதிக் குடுத்தவர்?

— என்னத்துக்கு? சீமைக்குப் போய்க் கலியாணம் கட்டப் போனவராக்கும். இஞ்சை வச்சிருந்தவளுக்கு ஒரு மூலையைக் குடுத்து வாயை அடைச்சிருப்பார். வெள்ளைக்காரரிலை உது வழமை.

— இல்லை. செசீலியாவுக்கும் அவருக்கும் அப்பிடி ஒண்டுமில்லை. அவவின்ரை தகப்பன் அந்த ஹோலிலை இருந்து உறுதி எழுதிக்கொண்டிருக்கேக்கை அவ மேலை போய்க் கதவைப் பூட்டினவ. பூட்டிப்போட்டு, 'எனக்கும் ஒரு வரி எழுதுங்கோ, இல்லாட்டி யன்னலாலை குதிப்பன்' எண்டு சொன்னவ. துரைதான் இரங்கி, எழுது எண்டு தகப்பனுக்குச் சொன்னவர்.

— உந்தக் கதையெல்லாம் ஆர் உனக்குச் சொன்னது?

— ஆரோ சொன்னவை. மை காயேல்லை, அப்பா. கையை எடுங்கோ, இழுபடப்போகுது.

— உன்ரை கை ஏன் இப்பிடிக் குளிர்ந்துகிடக்கு?

— காத்து. யன்னலைச் சாத்தட்டே?

— சாத்து. நாளைக்குக் காலமை ஹாஜியாரும் கண்டிக்காரரும் சாட்சியளும் வருவினம். கையெழுத்து வாங்கி முடிச்சுப்போட்டால் எனக்கு நிம்மதி. அடுத்தது உன்ரை உறுதிதான்.

*

— என்ன ஹாஜியார் இது? கோட்டு வாசலிலை கார் அனுப்பி, கையோடை கூட்டிக்கொண்டு வா எண்டு டிறைவரிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறியள். நேற்றுத்தானே உறுதி முடிஞ்சுது. இனி என்ன?

— மேல வாங்க, ஐயா. பாத்து, கைப்புடிய நல்லாப் புடிச்சிட்டு ஏறுங்க.

— ஷபீகாவுக்கு ஏதும்...

— ஷபீகா கொம்பனித்தெருவுல மாமி வீட்டுல. காலைல பெய்த்துப் பாத்துட்டுத்தான் வாறேன். சிரிச்சிட்டு ஈக்கிறா. அவளுக்கு இந்த வீடே மறந்த மாதிரி.

— பிறகென்ன?

— மெதுவாப் பேசுங்க. பகல் லுத்பியா சாப்பாடு வெக்க மேல வந்தா. கதவுக்குள்ள பாட்டுக் கேட்டிச்சாம். வேற பாட்டு, வேற குரல். வயசாளிட குரல் இல்ல. 'சாப்பாடு வேணாம், இன்டைக்கு வெள்ளிக்கிழம, நான் விரதம்' என்டு உள்ளேந்து பதில் வந்திச்சாம். அந்தப் பிறிஜெற் நோனா சைவக் கோயில் விரதமா புடிப்பா? லுத்பியா கோப்பையப் போட்டுட்டு எறங்கி ஓடிவந்தா.

— உங்கடை மனுசி பயத்திலை எதையோ...

— நானும் வந்து கேட்டேன், ஐயா. எனக்கு அந்தக் குரலத் தெரியும். என்ட வாயால நான் செல்லமாட்டேன். நீங்களே கூப்புட்டுப் பாருங்க.

— ஆரது உள்ளை?

— நான்தான், அப்பா.

— கனகேசு!

— சத்தம் போடாதேங்கோ. ஹாஜியார் வீட்டிலை தொழுற நேரம்.

— நீ... நீ அம்மாவோடை கோயிலுக்கெல்லோ போனனீ?

— போனனான். அம்மா கோயில் வீதி சுத்திவரேக்கை நான் இஞ்சாலை வந்திட்டன். அவ தேடுவா. ஆரையும் அனுப்பிச் சொல்லுங்கோ, நான் பத்திரமா இருக்கிறன் எண்டு.

— கதவைத் திற.

— அப்பிடிக் கேக்கப்படாது, அப்பா. நேற்று நீங்கள் கையெழுத்து வச்ச வரி.

— வரியும் மண்ணாங்கட்டியும்! திறவடி! ஹாஜியார், உங்கடை ஆக்களைக் கூப்பிடுங்கோ. கதவை உடைக்கட்டும். கோடாலி இருக்கோ?

— ஐயா... எனக்கு ஏலாது.

— ஏன் ஏலாது? உங்கடை வீடு!

— வீடு எனக்கு. இந்த ரூம் எனக்கு வித்ததுல இல்ல. நீங்கதான் வாசிச்சுக் காட்டினீங்க, நீங்கதான் எழுதினீங்க. நான் ஒத்துக்கிட்டுக் கையெழுத்தும் வெச்சிட்டேன்.

— இது என்ரை பிள்ளை, ஹாஜியார்!

— தெரியும், ஐயா. கதவுல கைய வெச்சிப் பாருங்க. ஆள் உடைக்கிற கதவா இது?

— ஐயோ, என்ன குளிர் இது... கனகேசு, பிள்ளை, இஞ்சை கேள். உள்ளை வேறை ஆர்? அந்தக் கிழவி உன்னை என்ன சொல்லி மயக்கினவள்?

— ஒருத்தரும் மயக்கேல்லை. பிறிஜெற் அக்கா ஒருநாள்தான் கேட்டவ, 'உன்ரை பேர் என்ன?' எண்டு. நான் சொன்னன். 'ஆற்றை மகள்?' எண்டு அவ கேக்கேல்லை. எல்லாரும் முதல் அதைத்தானே கேப்பினம்? அவ கேக்கேல்லை, அப்பா. அதுக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப வந்தனான்.

— அவ இப்ப எங்கை?

— வெளிக்கிட்டிட்டா. நான் உள்ளை வர, கடல்பக்கப் படியாலை இறங்கிப் போனவ. செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு, மணலிலை, சின்னப்பிள்ளை மாதிரி.

— கடல்பக்கம் படியே இல்லையே, மகள்! றெயில்பாத போடக்குள்ள இடிச்சிட்டாங்க என்டுதானே செல்றாங்க. அந்தப் பக்கம் வெறும் சுவர்.

— எனக்குப் படி தெரியுது, ஹாஜியார். பாசி பிடிச்ச கருங்கல்லுப் படி. கீழை அலை வந்து அடிக்குது.

— கனகேசு, அங்காலை போகாதை! யன்னலடியிலை நில்லாதை!

— நான் குளிர்காயிற அடுப்படியிலை இருக்கிறன். பயப்பிடாதேங்கோ. நல்ல நெருப்பு. ஆனா எவ்வளவு கிட்ட இருந்தாலும் கொஞ்சம் குளிருது.

— நான் மலாயாக்காரருக்கு வேண்டாமெண்டு இண்டைக்கே தந்தி அடிக்கிறன். சத்தியமா. சீதன உறுதியைக் கிழிச்சு எறியிறன். நீ ஒருத்தனையும் கட்டவேண்டாம். என்னோடை இரு, எழுது, வாசி, உன்ரை விருப்பம். வெளியிலை மட்டும் வா, பிள்ளை.

— முந்தநாள் உறுதி எழுதேக்கை நீங்கள் இதைச் சொல்லியிருந்தால், நான் அம்மாவோடை வீட்டை திரும்பியிருப்பன்.

— இப்ப சொல்லுறன்தானே!

— கேட்டுது, அப்பா. வெளிக்கிட மனம் வந்தால் வருவன். வரியிலை அப்பிடித்தானே கிடக்கு. மற்றவை எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதியிருந்தது. ஆனா ஒருத்தியும் தனக்குப் பிறகு இன்னொருத்தி வரும்மட்டும் வெளிக்கிடேல்லை. ஏனெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. இருந்து பாத்தால்தான் விளங்கும்.

— ஐயா, இருங்க, இப்பிடி நெலத்துல விழாதீங்க. லுத்பியா! கொஞ்சம் தண்ணி கொண்டாங்க!

— எனக்குத் தண்ணி வேண்டாம். எனக்கு விளங்கேல்லை, ஹாஜியார். நான் எல்லாம் சரியாத்தானே செய்தனான்? பேருக்குப் பேர் பாத்தனான். உங்கடை பிள்ளைக்குத்தான் ஆபத்து எண்டு கண்டுபிடிச்சு, அவளை அனுப்பியும் போட்டனான். இந்த அறை வாங்கினவன் வீட்டுப் பிள்ளையளைத்தானே எடுக்கிறது? கனகேசு, உனக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்மந்தம்? நாங்கள் இதை வாங்கவுமில்லை, விக்கவுமில்லை!

— வாங்கினவையின்ரை பேரையும் வித்தவையின்ரை பேரையும்தான் நீங்கள் தேடினனீங்கள், அப்பா. செசீலியாவிலையிருந்து பிறிஜெற் அக்காமட்டும் இந்தக் கதவைப் பூட்டின ஒவ்வொருத்தியும், அந்தந்த உறுதியை எழுதி முத்திரை குத்தின நொத்தாரிசின்ரை மகள்.